பதிலை அவரே சொல்ல வேண்டும்

மே 6, செவ்வாய்

திருச்சியில் பயிற்சி முடிந்து துறையூர் திரும்பினேன். வீடு பூட்டியிருந்தது. சாவி எதிர்வீட்டில். மங்கை நாமக்கல்லில் தங்கை புவனா வீட்டுக்குப் போயிருக்கிறாள். முழங்கால் வலிக்கு அங்கே ஓர் எண்ணெய் வைத்தியர் இருக்கிறாராம். "உங்ககிட்ட சொல்லலீங்களா?" என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார். திடீரென்று வரச் சொல்லியிருப்பார்கள் என்றேன். நல்ல வைத்தியரிடம் கூட்டம் இருக்கத்தான் செய்யும்.

ஃபிரிட்ஜில் ஒரு தூக்கு நிறைய இட்லி மாவு. நாலைந்து நாளில் வந்துவிடுவாள் என்று அதிலிருந்து தெரிகிறது. இடது முழங்காலுக்கு நான் வாங்கித் தந்த உறை மேசைமேலேயே கிடக்கிறது. முழங்கால் வைத்தியத்துக்குப் போகிறவள் முழங்கால் உறையை மறந்துவிட்டுப் போகிறாள். இவளை வைத்துக்கொண்டு என்ன செய்வது.

பயிற்சி பற்றி. நல்விளை என்ற மைக்ரோ ஃபைனான்ஸ் நிறுவனம் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் பெண்களுக்குக் குழுக்கடன் கொடுக்கிறது. கொடுத்த கடன் திரும்பி வந்ததா என்று அவர்களே பார்த்துக்கொள்வார்கள். வாங்கியவர்களின் வாழ்க்கை உருப்பட்டதா என்று பார்க்க வெளியாள் வேண்டும். அதற்குச் 'சமூகச் செயல்திறன் மதிப்பீடு' என்று பெயர். சென்னை நிறுவனம் ஒன்று எடுத்துச் செய்கிறது. புள்ளியியல் துறையில் நெல்லை அறுத்து எடை போட்டு மகசூல் கணக்கெடுத்தே ஓய்வு பெற்றவன் நான். பெண்களின் வாழ்க்கையை அளப்பது பெரிய காரியமா?

மேற்பார்வையாளர் ஆதிரா என்ற பெண். முப்பது வயதுகூட இருக்காது, ஆனால் கறார். மூன்று விதிகளைப் பலகையில் எழுதிப் போட்டார். பதிலை அவரே சொல்ல வேண்டும், கணவரோ மற்றவரோ சொல்லக் கூடாது. சொன்னதைச் சொன்னபடியே பதிய வேண்டும். கடைசிக் கேள்வியான 'வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?' என்பதைக் கேட்டுவிட்டு நாம் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். "எவ்ளோ நேரம் ஆனாலும் சார்," என்று என்னைப் பார்த்துச் சொன்னார். என்னை எதற்குப் பார்த்தார் என்று தெரியவில்லை.

மே 8, வியாழன்

முதல் நாள், முதல் ஊர். இந்த ஆண்களுக்குக் கேள்வி என்று ஒன்றைக் கண்டால் வாய் சும்மா இருக்காது. ஒரு வீட்டில் அந்த அம்மாவிடம் "உங்களுக்கு என்ன வயசு?" என்று கேட்டேன். "அவளுக்கு முப்பத்தெட்டு" என்றார் கணவர். என்ன தொழில் என்று கேட்டேன். "அவ சும்மாதான் இருக்கா" என்றார். அந்த அம்மா அப்போது ஒரு கையால் மாட்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பால் பீய்ச்சிக்கொண்டிருந்தார். கணவரை வெற்றிலை வாங்கிவரச் சொல்லி அனுப்பினேன். எனக்கு வெற்றிலைப் பழக்கம் இல்லை.

அவர் போன பிறகும் அந்த அம்மா ஒவ்வொரு கேள்விக்கும் அவர் போன திசையைப் பார்த்துக்கொண்டுதான் பதில் சொன்னார். மங்கையும் இப்படித்தான், நாலு பேர் முன்னால் வாயைத் திறக்க மாட்டாள். போன வருடம் எலும்பு டாக்டர் "எங்கம்மா வலி?" என்று கேட்டதும் என் முகத்தைப் பார்த்தாள். நான்தான் இடது முழங்கால், படி ஏறும்போது, காலையில் அதிகம் என்று வரிசையாகச் சொன்னேன். "சார் ரொம்பத் தெளிவா சொல்றீங்க" என்று டாக்டரே பாராட்டினார்.

மே 9, வெள்ளி

நாமக்கல்லுக்கு ஃபோன் செய்தேன். புவனா எடுத்தாள். "அக்கா குளிக்கிறா மாமா" என்றாள்.

மே 11, ஞாயிறு

குளிக்கிறாளாம். நாமக்கல்லில் இந்த வருடம் தண்ணீர் நன்றாக இருக்கிறது போலும்.

மே 12, திங்கள்

கீரிப்பள்ளம். மலையடிவாரத்தில் சோளக்காட்டுக்கு நடுவே இருக்கிற ஊர். காலையிலேயே நல்விளையின் வாராந்தரக் கூட்டம். பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து, பிறகு எழுந்து நின்று உறுதிமொழி சொன்னார்கள். ஒருவர் தவறினால் மற்றவர் தாங்குவோம் என்பது அதன் சாரம். எல்லோரும் ஒரே குரலில், ஒரே இடத்தில் மூச்சு விட்டுச் சொல்கிறார்கள். நிறுவனத்தின் களப்பணியாளர் தினகரன் வருகைப் பதிவேட்டைப் பெருமையோடு காட்டினார். நூற்றுக்கு நூறு. வருகைக்காக அவருக்குத் தனி மதிப்பெண் உண்டு.

நான் பேட்டி எடுக்க வேண்டிய மாதிரிப் பட்டியலில் இருந்தது ஐந்து பேர் கொண்ட ஒரு குழு. உட்கார்ந்திருந்தது நாலு பேர். தலைவி பாப்பாத்தி, கனத்த சரீரம், யாரையும் நேராகப் பார்த்துப் பேசுகிறவர். பூ கட்டி விற்கிற நூர்ஜஹான். ஆடு வளர்க்கிற சகாயமேரி. பேசாமல் சிரித்துக்கொண்டே இருந்த ஓர் இளம்பெண். ஐந்தாவது ஆள் கோமளவல்லி எங்கே என்று கேட்டேன்.

"காட்டுக்குப் போயிருக்கா சார்," என்றார் பாப்பாத்தி. "நீங்க கேளுங்க. நாங்க சொல்றோம்."

"அவங்கதான்மா சொல்லணும்."

"அவ தவணை கட்டலைன்னா யாரு சார் கட்டுறது? நாங்கதான. அப்ப பதிலும் நாங்கதான சொல்லணும்."

"தவணை வேற, பதில் வேற."

"உங்களுக்கு வேற சார். எங்களுக்கு ஒண்ணுதான்," என்றார் சகாயமேரி.

நான் வேண்டாம் என்பதற்குள் ஆரம்பித்துவிட்டார்கள். போன வாரம் கோமளவல்லி வீட்டில் கறி சாப்பிட்டார்களா என்பது கேள்வி. "கோழி அடிச்சா, எழுதிக்கங்க," என்றார் நூர்ஜஹான். "ஏன்டி, அவ வீட்ல கோழி ஏது? முட்டைன்னு சொல்லு," என்றார் சகாயமேரி. "முட்டையும் அவ பாப்பாவுக்கு மட்டுந்தான், அவ திங்க மாட்டா," என்றார் பாப்பாத்தி. இதன்மேல் ஒரு சண்டையே நடந்தது. பொய் சொல்ல வந்தவர்கள் உண்மைக்காக இப்படி அடித்துக்கொள்வதை நான் பார்த்ததில்லை. அவர்கள் சொன்ன எதையும் பதியவில்லை. கோமளவல்லியே வர வேண்டும், மறுபடி வருவேன் என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

கிளம்பும்போது எட்டிப் பார்த்தேன். தினகரன் பதிவேட்டில் கோமளவல்லி வந்திருந்தார்.

மே 13, செவ்வாய்

மாவு புளித்துப் பொங்கி ஃபிரிட்ஜின் கீழ்த் தட்டு வரைக்கும் வழிந்துவிட்டது. கொட்டினேன். துடைத்தேன். துடைத்த துணியை என்ன செய்வது என்று தெரியவில்லை.

மே 14, புதன்

இன்று மங்கையே பேசினாள். சளி பிடித்திருக்கிறது, குரல் மாறியிருந்தது. மாத்திரையை விடாமல் சாப்பிடு என்றேன். "சரிங்க" என்றாள். உறையை மறந்துவிட்டுப் போயிருக்கிறாய் என்றேன். "சரிங்க" என்றாள். எப்போது வருகிறாய் என்றேன். அதற்கும் "சரிங்க" என்றாள். மனசுக்கு நிம்மதி.

மே 15, வியாழன்

சொல்லாமல் கொள்ளாமல் கீரிப்பள்ளம் போனேன். நாலு பேரும் நூர்ஜஹான் வீட்டு வேப்பமரத்தடியில் இருந்தார்கள். கோமளவல்லி இன்றும் காட்டில்தானாம். என்ன காடு என்று கேட்டேன். ஒருவர் கடலைக்காடு என்றார், ஒருவர் சோளக்காடு என்றார்.

அப்போது பூக்கூடைக்குள்ளிருந்து ஒரு ஃபோன் அடித்தது. எல்லோரும் கப்பென்று அடங்கிவிட்டார்கள். நூர்ஜஹான் எடுத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, மெலிந்த குரலில் பேசினார். "சொல்லுங்க… ம்… சாப்டாச்சு… பாப்பா தூங்குறா… வீட்லதான் இருக்கேன்… சரிங்க… சரிங்க… வச்சிரட்டா?" ஃபோனைப் பூக்கூடையில் போட்டுவிட்டு, தன் சொந்தக் குரலில், "சார், காபி குடிக்கிறீங்களா?" என்றார்.

யார் என்று கேட்டேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாப்பாத்திதான் சொன்னார்.

"செங்கோடன் சார். கோமளவல்லி புருசன். போர் போடுற வண்டியில வேல. வடக்க மத்தியப் பிரதேசத்துல இருக்கான். அவன் போன மறு மாசமே இவ பாப்பாவக் கூட்டிட்டுத் திருப்பூரு போயிட்டா. பனியன் கம்பெனி. ஃபோன எங்ககிட்ட விட்டுட்டா. அவனுக்குத் தெரியாது."

"ஏன் தெரியக் கூடாது?"

"பொங்கலுக்கு வந்தவன் இவ கைய முறுக்கி ஒடிச்சிட்டான் சார். ஆசுபத்திரியில கெணத்தடியில வழுக்கி உழுந்துட்டான்னு சொன்னோம். இதுக்கு முன்னாடி ஒருக்கா அவ அம்மா வீட்டுக்குப் போனா. பின்னாடியே போயி முடியப் புடிச்சு இழுத்துட்டு வந்தான். அதான் இந்தத் தடவ எங்க இருக்கான்னே தெரியாம வச்சிருக்கோம். அங்க நாலு மாசம் நின்னு நிலச்சிட்டா, பாப்பாவப் பள்ளிக்கூடத்துல சேத்துட்டா, அப்புறம் பாத்துக்கலாம்."

"தினமும் ஃபோன்ல பேசுறாரே, கண்டுபிடிக்கலையா?"

"அவன் கேக்குறதே நாலு கேள்விதான் சார்," என்றார் நூர்ஜஹான். "சாப்டியா, பாப்பா எங்க, நீ எங்க இருக்க, கூட யாரு இருக்கா. அதுக்குப் பதில் சொல்லக் கோமளவல்லியே வேணும்னு இல்ல."

எனக்குக் கோபம் வந்தது. கையை ஒடித்தது தப்புதான். ஆனால் தாலி கட்டியவனுக்குத் தன் மனைவி எங்கே இருக்கிறாள் என்று தெரிந்துகொள்ள உரிமை இல்லையா, ஆளை மாற்றிப் பேசுவது ஏமாற்று வேலை இல்லையா என்று கேட்டேன்.

"உங்க வீட்டு அக்கா என்ன பண்றாங்க சார்?" என்றார் நூர்ஜஹான், பூவைத் தொடுத்துக்கொண்டே.

நாமக்கல்லில் தங்கை வீட்டுக்கு முழங்கால் வைத்தியத்துக்குப் போயிருக்கிறாள், அடிக்கடி ஃபோனில் பேசிக்கொள்கிறோம் என்றேன்.

"அக்காவே பேசுவாங்களா சார்?"

"நேத்துகூடப் பேசினாங்க. கொஞ்சம் சளி. குரல்தான் மாறியிருந்தது."

நாலு பேரும் நிலத்தைப் பார்த்தார்கள். நூர்ஜஹான் ஒரு முழம் மல்லிகையை இலையில் சுற்றி என் கையில் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

மே 16, வெள்ளி

இன்று நாமக்கல்லுக்கு ஃபோன் செய்யவில்லை.

மே 19, திங்கள்

ஊர் மாறிப் போனவர்களை ஃபோனில் பேட்டி எடுக்கலாம் என்று விதி இருக்கிறது. அதைப் பாப்பாத்தியிடம் எடுத்துச் சொன்னேன். உங்கள் பதில் எனக்கு வேண்டாம், அவர் பதில்தான் வேண்டும் என்றேன். அவர் கோமளவல்லியிடம் கேட்டுவிட்டு, திருப்பூர் நம்பரைக் கொடுத்தார். "உங்கள நம்பித்தான் சார் குடுக்குறோம்," என்றார். நம்புவதற்கு என்ன இருக்கிறது, நடைமுறை அது என்றேன்.

கோமளவல்லி சாப்பாட்டு இடைவேளையில் பேசினார். பின்னால் நாலைந்து பெண்கள் சிரிக்கிற சத்தம். வயது முப்பத்து நாலு, அவரே சொன்னார்.

"கடனைக் கறவை மாடு வாங்கன்னு வாங்கியிருக்கீங்க. மாடு வாங்கினீங்களா?"

"இல்லீங்க சார். பஸ்ஸு டிக்கெட்டு எடுத்தேன். ஹாஸ்டலுக்கு அட்வான்ஸ் கட்டுனேன். பாப்பாவுக்குத் துணி எடுத்தேன்."

"தவணை?"

"மேரியக்காவுக்கு அனுப்பிருவேன். அவங்க கட்டிருவாங்க."

"உங்க வீட்டுல முடிவு எடுக்கறது யாரு?"

"எந்த வீட்ல சார்?"

பதில்களைப் பதியத் தந்திருக்கிற டேப்லெட்டில் அந்தத் துணைக்கேள்வி இல்லை. இப்போது இருக்கிற வீட்டில் என்றேன்.

"நாந்தான். பாப்பாவும் கொஞ்சம் எடுக்கும்."

கடன் வாங்கிய பிறகு வாழ்க்கை எப்படி மாறியது என்பதற்கு ஐந்து பதில்கள் உண்டு. மிக மோசம், மோசம், மாற்றமில்லை, நன்று, மிக நன்று. இதுவரை போன எல்லா ஊரிலும் 'நன்று' என்றுதான் சொன்னார்கள், அதுவும் தினகரன் மாதிரி ஆட்களின் முகத்தைப் பார்த்து. இந்தப் பெண் நான் படித்து முடிக்கும் முன்பே கடைசியில் இருப்பதைப் பிடித்துக்கொண்டார். "மிக நன்றுங்க சார். கைய நல்லா மடக்க முடியுது இப்ப."

நல்விளை கொடுத்த கடன்களிலேயே உருப்படியாக ஒரு வாழ்க்கையை மாற்றிய கடன் இதுவாகத்தான் இருக்கும். பட்டியலில் அது கறவை மாடு.

முகவரி கேட்டேன், தயங்காமல் சொன்னார். கடைசிக் கேள்வியைக் கேட்டுவிட்டு விதிப்படி வாயை மூடிக்கொண்டேன். பிறகு சொன்னார்.

"நூர்ஜஹானக்காவுக்கு என் குரலே வராது சார். ஒரு துளிகூட வராது. அந்தாளு இன்னும் கண்டுபிடிக்கல."

சொன்னதைச் சொன்னபடியே பதிந்தேன். கட்டிய மனைவியின் குரல் தெரியாதவனை என்னவென்று சொல்வது. சாப்பிட உட்கார்ந்தபோது, புவனாவுக்குச் சளி பிடித்தால் எப்படிப் பேசுவாள் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். ரசம் ஆறிவிட்டது.

மே 20, செவ்வாய்

'ஊர் மாறியவர்' என்பதற்கான நிறுவனக் குறியீடு போடாமல் கோமளவல்லியின் பேட்டி மேலே போக மாட்டேன் என்றது. தினகரனுக்கு ஃபோன் செய்து கேட்டேன்.

"கோமளவல்லிங்களா? போன வாரம்கூடக் கூட்டத்துக்கு வந்தாங்களே சார்."

"வரலை. அவங்க இந்த ஊர்லயே இல்லை. நேத்து நான் அவங்ககிட்டயே பேசினேன், முகவரியும் வாங்கியாச்சு. உங்க பதிவேட்டைத் திருத்திக்குங்க."

எந்த ஊர் என்று கேட்டார். பதிலளித்தவரின் விவரம் ரகசியம், சொல்ல மாட்டேன் என்றேன். இப்படிப்பட்டவர்களிடம் தெளிவாகப் பேசிவிடுவதுதான் நல்லது. குறியீடு ஏழு என்றார்.

மே 24, சனி

குக்கரின் கைப்பிடி கழன்றுவிட்டது. கடைக்காரர், "வீட்ல அம்மா எப்படி சார் பிடிப்பாங்க?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

மே 29, வியாழன்

ஃபோன் செய்தேன். புவனா. "நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்மா. குரலை மட்டும் கேட்டாப் போதும்," என்றேன். "அக்கா குளிக்கிறா மாமா," என்றாள். சாயங்காலம் மறுபடி செய்தேன். குளிக்கிறாள்.

ஜூன் 3, செவ்வாய்

பாப்பாத்தி ஃபோன் செய்தார். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"சார், செங்கோடன் வந்துட்டான். அங்க மழ புடிச்சிருச்சுன்னு வண்டி திரும்பிருச்சாம். வீடு பூட்டிக் கெடக்கறதப் பாத்துட்டு ஊரையே கலக்குறான். நாங்க யாரும் வாயத் தொறக்கல. நேரா தினகரன்கிட்டப் போயிருக்கான். அந்தாளு தன் பதிவேட்டக் காப்பாத்திக்க, எனக்கு ஒண்ணும் தெரியாது, அளக்க வந்த சார்தான் விலாசமெல்லாம் வாங்கி வச்சிருக்காருன்னு சொல்லிட்டாரு. சார், நீங்கதான் சொன்னீங்களாமே."

"நான் விலாசம் சொல்லலைம்மா."

"விலாசம் இருக்குன்னு சொன்னீங்கல்ல."

நான் விதிப்படிதான் நடந்துகொண்டேன் என்று விளக்கினேன். பாப்பாத்தி முழுக்கக் கேட்டுவிட்டு, "பாப்பா நேத்துதான் சார் பள்ளிக்கூடத்துல சேந்துச்சு," என்று சொல்லி வைத்துவிட்டார்.

இன்னும் சாப்பிடவில்லையே என்று இரண்டு வாழைப்பழம் சாப்பிட்டேன். பசி இல்லை. பயம்.

ஜூன் 5, வியாழன்

காலையில் செங்கோடன் வந்தான். மீசைக்காரன் எவனாவது அரிவாளோடு வருவான் என்று எதிர்பார்த்திருந்தேன். வந்தவன் தேய்த்த சட்டை போட்டு, பையில் மாம்பழம் வாங்கிக்கொண்டு வந்து, செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு, "உள்ள வரலாங்களா சார்?" என்று கேட்டான். உட்காரச் சொன்னேன். காபி கொடுத்தேன். நன்றாக இருக்கிறது என்றான். நான் போடும் காபியை நன்றாக இருக்கிறது என்று சொன்ன முதல் ஆள்.

கழுவாத பாத்திரங்களைப் பார்த்தான். "வீட்ல அக்கா இல்லீங்களா?"

"நாமக்கல்ல இருக்காங்க."

"எப்ப வருவாங்க?"

மேசைமேல் கிடந்த முழங்கால் உறையை எடுத்து மடித்து வைத்தேன்.

அவன் கண் கலங்கிவிட்டது. வெயிலில், தூசியில், பாஷை தெரியாத ஊரில் வேலை செய்து அனுப்பினேன், வந்து பார்த்தால் பூட்டு தொங்குகிறது, ஊரே என்னைப் பார்த்துச் சிரிக்கிறது என்றான். "கோவத்துல ஒரு தடவ கை நீட்டிட்டேன் சார், இல்லேங்கல. அதுக்காக இப்படியா? நான் ஒண்ணும் பண்ண மாட்டேன். எங்க இருக்கான்னு மட்டும் தெரிஞ்சாப் போதும்."

இதை எழுதுவதற்குக் கஷ்டமாக இருக்கிறது. என் மனசு அவன் பக்கம்தான் போயிற்று. வெறும் வீட்டுக்குத் திரும்பி வருவது என்ன என்று இந்த ஊரில் அவனுக்கும் எனக்கும்தான் தெரியும். டேப் எங்களுக்கு நடுவில் மேசைமேல் சார்ஜில் கிடந்தது. திறந்து காட்டினால் முடிந்தது. கையும் அதன் பக்கம் போனது.

"தினமும் ஃபோன்ல பேசினியேப்பா. அப்பல்லாம் யாரு பேசினா?" என்று கேட்டேன்.

"அவதான் சார். வேற யாரு? போன வாரம் வரைக்கும் நல்லாத்தான் பேசுனா. அதான் எனக்கு ஒண்ணுமே வெளங்கல."

"அவங்கதானா? நல்லாத் தெரியுமா?"

"என் பொண்டாட்டி குரல் எனக்குத் தெரியாதுங்களா சார்?"

"என்ன பேசினாங்க?"

"நான் சொன்னதுக்கெல்லாம் சரிங்க, சரிங்கன்னா. எப்பவும் அப்படித்தான்."

நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் பொய் சொல்லவில்லை. மனசாரத்தான் சொன்னான். டேபைச் சார்ஜரிலிருந்து பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

"விலாசம் தர முடியாதுப்பா."

"சார்."

"அது அவங்க என்கிட்ட சொன்னது. உனக்குச் சொல்லணும்னா அவங்கதான் சொல்லணும்."

அழுகை எங்கே போனது என்று தெரியவில்லை. "யோவ், கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவன் நான். என் பொண்டாட்டி எங்கன்னு எனக்குச் சொல்ல நீ யார்றா?" என்று எழுந்தான். டேபைப் பிடித்து இழுத்தான். நான் விடவில்லை. குப்புறப் படுத்துக்கொண்டேன் என்றே சொல்லலாம். முதுகில் ஒன்று விழுந்தது. காபி டம்ளர் சுவரில் மோதிய சத்தத்துக்கு எதிர்வீட்டுக்காரர் ஓடி வந்துவிட்டார். "ஒன்ன அப்புறம் பாத்துக்கறேன்," என்று சொல்லிவிட்டுப் போனான். போகும்போது மாம்பழத்தை எடுத்துக்கொண்டான்.

கதவைத் தாழிட்டேன். டேபைத் திறந்து, கோமளவல்லியின் முகவரியையும் நம்பரையும் அழித்தேன். அந்த இடத்தில் 'தெரிவிக்க விரும்பவில்லை' என்று பதிந்தேன். பணியில் இருந்த காலம் முழுக்க எடை போட்ட பிறகு ஒரு எண்ணைக்கூட நான் மாற்றியதில்லை.

ஜூன் 6, வெள்ளி

ஆதிரா அழைத்தார். "சார், முகவரி வாங்கிட்டு அழிச்சிருக்கீங்க. விரும்பலைன்னு போட்டிருக்கீங்க. அவங்களே அப்படிச் சொன்னாங்களா?"

"நிலைமை அப்படிம்மா," என்று நடந்ததைச் சொன்னேன். ஆதிரா முதலில் முதுகுக்கு டாக்டரிடம் காட்டச் சொன்னார். முகவரி இல்லாத பேட்டியைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள், அடுத்த சுற்றில் என்னை எடுப்பதும் சந்தேகம் என்றார். "ஆனாலும் அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் சார்," என்றார்.

கேட்டது நியாயம். 'விரும்பவில்லை' என்பது நான் சொன்ன பதில். பாப்பாத்தியிடம் நம்பர் வாங்கித் திருப்பூருக்கு ஃபோன் செய்தேன். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன், குறியீடு கேட்கப் போய் நான் உளறியது உட்பட. முகவரியை வைத்துக்கொள்ளவா, அழிக்கவா என்று கேட்டேன்.

"அழிச்சிருங்க சார்."

"அழிச்சாச்சும்மா."

"அப்புறம் எதுக்குக் கேக்குறீங்க?"

"நீங்கதான சொல்லணும்."

அந்தப் பக்கம் சிரித்தார். பாப்பாவின் பள்ளிக்கூடம் நன்றாக இருக்கிறதாம். ஹாஸ்டலை இந்த வாரமே மாற்றிக்கொள்கிறாராம். எங்கே என்று நான் கேட்கவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

நாமக்கல்லுக்கு ஃபோன் செய்தேன்.

"அக்கா குளிக்கிறா மாமா."

"குளிக்கட்டும்மா. கூப்பிட வேண்டாம். நீ அவ மாதிரி பேசவும் வேண்டாம்."

புவனா டி.வி. சத்தத்தைக் குறைத்தாள்.

"ஃபோனை அவ பக்கத்துல வச்சிடு. ஒரே ஒரு கேள்வி கேக்கறேன். பதில் சொல்லணும்னு கட்டாயம் இல்லை. நான் பேச மாட்டேன்."

காலடிச் சத்தம் கேட்டது. ஃபோனை எதன்மேலோ வைக்கிற சத்தம். மின்விசிறி சுற்றுகிற சத்தம்.

"மங்கை. வேற ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

அங்கே குக்கர் விசில் அடித்தது. மாத்திரை சாப்பிட்டாயா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. உறையை பஸ்ஸில் கொடுத்து அனுப்பவா என்று வந்தது. மாவு கொட்டியது, குக்கர் கைப்பிடி, முதுகு வலி, எல்லாம் வந்தது. உனக்கு என்ன குறை வைத்தேன் என்பதும் வந்தது, பதிலும் நானே சொல்லிவிடுவேன் போலிருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டேன். அறுப்பு முடிந்த வயல் மாதிரி இருந்தது வீடு. இன்னொரு விசில் அடித்தது. அடுப்பை யாரோ அணைத்தார்கள்.

பிறகு மங்கை பேசினாள். சளி எதுவும் இல்லை. இதுதான் அவள் குரல், எனக்குத் தெரிந்தது, தெரிந்ததில் அழுகை வந்தது. அப்போதும் பேசவில்லை.

சொன்னதைச் சொன்னபடியே பதிய வேண்டும் என்பது விதி. பதிகிறேன்:

"வலி வலது முழங்கால்லங்க. டாக்டர்கிட்டப் போனப்பவும் வலதுதான்."